பிபிஎம் வேண்டுமா, ஈஆர்பி வேண்டுமா? வேலூர் வட்டாரத் தொழில் நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறவர்களும், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிகளில் தோல், காலணித் தொழிலில் இருப்பவர்களும், வேலூர் நகரில் மருத்துவமனை, கல்லூரி நிர்வாகங்களைக் கவனிப்பவர்களும் மென்பொருள் வாங்க முற்படும்போது கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. கணினித் துறையில் இல்லாதவர்களுக்காக எழுதப்பட்டது இது.

இந்த இரண்டு மென்பொருள்களும் அடிப்படையில் என்ன செய்கின்றன?

ஈஆர்பி எனப்படும் நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருள், ஒரு நிறுவனத்தின் சரக்கு, பணம், உற்பத்தி, கொள்முதல், விற்பனை, சம்பளம் ஆகிய அனைத்தையும் ஒரே தரவுத்தளத்தில் வைத்துக் கணக்குக் காட்டுவது. ஸ்டோரில் குரோம் பவுடர் இறங்கி, அதற்கான பில்லும் பதிவாகிவிட்டால், சரக்கு இருப்பு கூடுகிறது. சப்ளையருக்குத் தர வேண்டிய தொகை ஏறுகிறது. உள்ளீட்டு வரி வரவு கணக்கில் சேர்கிறது. மூன்று பேர் மூன்று நோட்டில் எழுத வேண்டிய தேவை அங்கே இல்லை.

பிபிஎம் எனப்படும் வணிகச் செயல்முறை மேலாண்மை, ஒரு வேலை யாரிடம் தொடங்கி, யார் கையைக் கடந்து, எந்த நிபந்தனையில் எந்தப் பக்கம் திரும்பி, எங்கே முடிய வேண்டும் என்பதை வரையறுத்து, அந்த வரையறைப்படி வேலையை நகர்த்தி, எந்த மேசையில் எத்தனை நாள் தேங்கியது என்பதை அளந்து காட்டுவது. பிபிஎம் முதலில் ஒரு நிர்வாக முறை. மென்பொருள் அதற்குத் துணை. மென்பொருள் இல்லாமலும் அந்த முறையைக் கடைப்பிடிக்கலாம், பலர் கடைப்பிடித்தும் வருகிறார்கள்.

ஆகவே, "என்னிடம் என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும்" என்ற கேள்விக்கு ஈஆர்பி பதில் சொல்லும். "இந்த வேலை இப்போது யாரிடம் நிற்கிறது, ஏன் நிற்கிறது" என்ற கேள்விக்குப் பிபிஎம் பதில் சொல்லும். உங்கள் நிறுவனத்தில் தினமும் எழும் கேள்வி இவற்றில் எது என்று பார்ப்பதுதான் தேர்வின் தொடக்கம்.

ஈஆர்பி எங்கிருந்து வந்தது? அதன் வரலாறு நமக்கு எதற்கு?

1960களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில், எந்த உதிரிப்பாகம் எப்போது எவ்வளவு தேவை என்று கணக்கிட எம்ஆர்பி என்ற பொருள் தேவைத் திட்டமிடல் முறை உருவானது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோசப் ஓர்லிக்கி அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர். 1980களில் இயந்திரத் திறனும் நிதியும் சேர்ந்து அது எம்ஆர்பி 2 ஆயிற்று. 1990இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் ஈஆர்பி என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 1972இல் ஜெர்மனியில் ஐபிஎம்மின் முன்னாள் பொறியாளர்கள் ஐவர் தொடங்கிய எஸ்ஏபி நிறுவனம், 1992இல் வெளியிட்ட ஆர்/3 மூலம் இதை உலகமெங்கும் பரப்பியது.

உதிரிப்பாகங்களைச் சேர்த்து ஒரு பொருளை உருவாக்கும் தொழிற்சாலையை மனதில் வைத்தே இந்த மென்பொருளின் அடித்தளம் அமைந்தது என்பதால் இந்த வரலாறு நமக்குப் பயன்படுகிறது. தோல் பதனிடுவதில் நடப்பது நேர் எதிரானது. ஒரு பச்சைத் தோல் உள்ளே போய், பல தரங்களாகவும் பல அளவுகளாகவும் பிரிந்து வெளியே வருகிறது. பொதுவான ஈஆர்பியை அப்படியே டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வைக்கும்போது வரும் சிரமங்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

டேனரிக்கு ஈஆர்பி வாங்கும்போது முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

அளவு மாற்றத்தை. பச்சைத் தோலை எண்ணிக்கையில் வாங்குகிறோம். டிரம்மில் போடும்போது எடை பார்த்து, அந்த எடையின் சதவீதமாகத்தான் இரசாயனத்தை அளக்கிறோம். வெட் புளூ நிலையில், அதாவது குரோம் பதனிட்ட ஈரத் தோலாக இருக்கும்போது, எண்ணிக்கையும் எடையும் கலந்து பேசப்படுகின்றன. முடிந்த தோலைச் சதுர அடியில் விற்கிறோம். ஒரு தோலின் பரப்பு இத்தனை சதுர அடி என்று முன்கூட்டியே நிலையான விகிதம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒன்றாகப் பதனிடும் தொகுப்புக்கும், அளவீட்டு இயந்திரம் சொல்வதுதான் கணக்கு.

பல மென்பொருள்கள் ஒரு பொருளுக்கு ஒரே அடிப்படை அலகைத்தான் ஏற்கும். மற்ற அலகுகளை நிலையான விகிதத்தால் பெருக்கி வகுக்கும். அப்படிப்பட்டதை வாங்கினால் இருப்புக் கணக்கு முதல் மாதமே உண்மையிலிருந்து விலகிவிடும். எண்ணிக்கை, எடை, பரப்பு மூன்றையும் ஒரே லாட்டில் தனித்தனியே பதிய முடியுமா, தரம் பிரித்தவுடன் ஒரு லாட்டைப் பல லாட்டாக உடைத்து, தாய் லாட்டின் செலவை அவற்றுக்குப் பங்கிட முடியுமா என்ற இரண்டையும் உங்கள் சொந்தப் பதிவேட்டிலிருந்து ஒரு லாட்டை எடுத்துக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். இதில் தோற்கும் மென்பொருளின் மற்றச் சிறப்புகளைக் கேட்டு நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

லாட்டின் வழித்தடத்தைப் பின்னோக்கிக் காட்டும் வசதியும் முக்கியம். டேனரிகளின் சுற்றுச்சூழல் செயல்பாட்டை மதிப்பிடும் லெதர் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பின் தணிக்கையில் தோலின் மூலத்தைத் தடம் காட்டுவதும், தண்ணீர், ஆற்றல் பயன்பாட்டுப் பதிவுகளும் பார்க்கப்படுகின்றன. பாலாற்றுப் படுகையில் டேனரிக் கழிவுநீர் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த காலம் முதல் இந்த வட்டாரத்துக்கு நீர்க் கணக்கின் அருமை தெரியும். டிரம் வாரியாகத் தண்ணீர் அளவைப் பதிவதற்கு ஈஆர்பியின் உற்பத்திப் பதிவே சரியான இடம். அதைத் தனி எக்செல் கோப்பில் வைத்திருப்பவர்கள் தணிக்கை வாரத்தில் இரவும் பகலும் உட்கார்ந்து சேர்க்கிறார்கள்.

எங்கள் வேலையில் பாதி ஜாப் ஒர்க். அதற்கு எந்த மென்பொருள் பொருந்தும்?

இந்த வட்டாரத்தில் மிகுந்த பணம் கசியும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு. ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

நம் சரக்கை வெளியே கொடுத்துக் கூலிக்கு வேலை செய்து வாங்குவதே ஜாப் ஒர்க். வெட் புளூ தோலை ஓரிடத்தில் ஷேவிங்குக்கு, அதாவது தடிமனைச் சீராகச் சீவுவதற்கு, அனுப்புகிறோம். இன்னோரிடத்தில் சாயமேற்றக் கொடுக்கிறோம். ஷூ அப்பர் தைப்பதற்கு ஊரகத்தில் உள்ள தையல் யூனிட்டுக்கு வெட்டிய துண்டுகளை அனுப்புகிறோம். சரக்கு நம்முடையது, ஆனால் நம் கூரைக்குக் கீழே இல்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வந்துவிட வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போயிருக்க வேண்டும். மூலதனப் பொருளுக்கு மூன்றாண்டு. கட்டிங் டை, மோல்டு, கருவி போன்றவற்றுக்கு இந்தக் கெடு கிடையாது. ஆணையர் கெடுவை நீட்டிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. கெடு கடந்தால், அனுப்பிய நாளிலேயே அந்தப் பொருளை விற்றுவிட்டதாகச் சட்டம் கருதும்; வரியும் வட்டியும் வந்து சேரும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்கள் ஜாப் ஒர்க்குக்குப் போய் வந்த சரக்கின் விவரத்தைத் தரும் ஐடிசி-04 படிவத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையும் தாக்கல் செய்ய வேண்டும்.

இதில் "எந்தச் சலானில் எத்தனை தோல் போனது, எத்தனை திரும்பியது, மீதி எத்தனை, அனுப்பி எத்தனை நாளாயிற்று" என்பது முழுக்க ஈஆர்பியின் வேலை. ஜாப் ஒர்க்கர் ஒவ்வொருவரையும் ஒரு தனிக் கிடங்காக ஈஆர்பியில் அமைத்துவிட்டால், டெலிவரி சலான் போடும்போது சரக்கு நம் கிடங்கிலிருந்து அவர் கிடங்குக்கு நகரும். திரும்பி வரும்போது வேறொரு நிலையிலுள்ள பொருளாக நம் கிடங்கில் ஏறும். தொகை செலுத்துவதற்கு முன்னரே குறைவு தெரிந்துவிடும்.

ஆனால், திரும்பி வந்த தோலில் நூற்றுக்குப் பத்து கறையாக இருந்தால் என்ன செய்வது? சூப்பர்வைசர் பார்க்க வேண்டும், டெக்னீஷியன் காரணம் எழுத வேண்டும், ஜாப் ஒர்க்கரிடம் பேச வேண்டும், கூலியில் பிடித்தம் செய்வதா மீண்டும் செய்து தரச் சொல்வதா என்று உரிமையாளர் முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவு அக்கவுண்ட்ஸுக்குப் போக வேண்டும். இது சரக்குக் கணக்கு அன்று. பல கைகளைக் கடக்கும் ஒரு முடிவு. பெரும்பாலான இடங்களில் இது வாட்ஸ்அப் படமாகவும் தொலைபேசிப் பேச்சாகவும் நடந்து, ஒரு மாதம் கழித்து யார் என்ன ஒப்புக்கொண்டார் என்பதே தகராறாகிறது. பிபிஎம் வேண்டிய இடம் இது. ஜாப் ஒர்க்கர்களும் இதே ஊர்களில் தலைமுறையாகத் தொழில் செய்பவர்கள். முடிவு எழுத்தில் இருப்பது அவர்களுக்கும் பாதுகாப்பு.

ஈஆர்பியிலேயே ஒப்புதல் வசதி இருக்கிறதே? பிபிஎம்முக்குத் தனியாக ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

பல நிறுவனங்களுக்குக் கொடுக்கவே வேண்டாம். பர்ச்சேஸ் ஆர்டர் ஒரு தொகைக்கு மேல் போனால் மேலாளர் ஒப்புதல், அதற்கும் மேல் போனால் இயக்குநர் ஒப்புதல் என்பதெல்லாம் நடுத்தர ஈஆர்பிகளிலேயே இருக்கும். ஓடூ, இஆர்பிநெக்ஸ்ட் போன்ற திறந்த மூல மென்பொருள்களிலும் இதைச் செய்யலாம்.

ஒரு செயல்முறை ஈஆர்பியின் எல்லையைத் தாண்டும்போதுதான் தனி பிபிஎம் தேவைப்படுகிறது. வெளிநாட்டு வாங்குநர், சோதனைக்கூடம், ஜாப் ஒர்க்கர், வங்கி, சுங்க முகவர் என வெளியாட்கள் நடுவில் வந்தாலோ, ஒரே வேலை ஈஆர்பி, மின்னஞ்சல், அரசு இணையதளம் என்று மூன்று இடங்களில் ஓடினாலோ, விதி அடிக்கடி மாறினாலோ ஈஆர்பியின் ஒப்புதல் திரை போதாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஈஆர்பி நிறுவனத்தின் புரோகிராமரை அழைத்துக்கொண்டிருந்தால், சில ஆண்டுகளில் அந்தச் செலவு தனி மென்பொருளின் விலையைத் தாண்டும்.

ஏற்றுமதி செய்யும் காலணி நிறுவனத்தில் பிபிஎம்முக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல முடியுமா?

குரோமியம் 6 சோதனையை எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் எனப்படும் இரசாயனக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, உடலில் படும் தோல் பொருள்களில் குரோமியம் 6, கிலோவுக்கு 3 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருக்கக் கூடாது. இந்த வரம்பு 2015 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. பதனிடப் பயன்படுவது குரோமியம் 3. கொழுப்பூட்டும் எண்ணெய், வெப்பம், சேமிப்பு நிலை ஆகியவை தவறினால் அதில் ஒரு பகுதி 6ஆக மாறிவிடக் கூடும். எனவே, இன்று தேறிய தோல் சில வாரம் கழித்துத் தேறாமலும் போகலாம்.

இதற்கான செயல்முறையை இப்படி வரையலாம். லாட் ஃபினிஷ் ஆனவுடன் மாதிரி எடுக்கும் பொறுப்பு ஒருவருக்குப் போகிறது. மாதிரி சோதனைக்கூடத்துக்குப் போன நாள் பதிவாகிறது. அறிக்கை குறித்த நாளில் வராவிட்டால் நினைவூட்டல் போகிறது. அறிக்கை தேறினால் அந்த லாட் கட்டிங்குக்குத் திறக்கப்படுகிறது. தேறாவிட்டால் லாட் பூட்டப்பட்டு, டெக்னீஷியனுக்கும் வாங்குநர் தொடர்பு அலுவலருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகிறது. கடைசிப் படியில் லாட்டைத் திறப்பதும் பூட்டுவதும் ஈஆர்பியில் நடக்க வேண்டும். இங்கே இரண்டு மென்பொருளும் கைகோத்து நிற்கின்றன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இதை முழுமையாகச் செய்வது கடினம்.

மாதிரி ஷூவுக்கு வாங்குநரின் ஒப்புதல் பெறும் வேலையும் இதே வகையைச் சேர்ந்தது. ஒரே மாதிரி பலமுறை திருத்தப்பட்டுப் போய் வரும்போது, எந்தத் திருத்தம் இறுதியானது என்ற குழப்பத்தில் பழைய டையை வைத்து வெட்டிவிடும் அபாயம் எப்போதும் உண்டு.

பில் ஒப்புதல் தாமதமானால் உண்மையில் நஷ்டம் வருமா?

வரும். குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியின்படி, அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். ஸ்டோர், பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ் என மூன்று கையெழுத்துக்குக் காத்திருந்த ஒரு பில்லால் மார்ச் மாதத்தில் வரி கூடிவிடுகிறது.

ஈஆர்பி அந்தத் தொகை நிலுவையில் உள்ளது என்று சொல்லும், சப்ளையர் பதிவில் உத்யம் வகை (அரசுப் பதிவின்படி அவர் குறு நிறுவனமா, சிறு நிறுவனமா என்பது) சரியாக இருந்தால் கெடு நாளையும் சொல்லும். பில் யார் மேசையில் நிற்கிறது என்று சொல்வது செயல்முறைக் கண்காணிப்புதான்.

நாங்கள் டாலி வைத்திருக்கிறோம். அது ஈஆர்பி ஆகாதா?

டாலி 1986இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு. வேலூர் வட்டாரத்தில் கணக்காளர் எவரும் அறிந்தது. கணக்கு, ஜிஎஸ்டி, எளிய சரக்கு இருப்பு ஆகியவற்றுக்கு அது போதுமானது, பல சிறு நிறுவனங்களுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. உற்பத்தித் திட்டம், இயந்திர நேரம், பல நிலை லாட் பிரிப்பு, தரச் சோதனை என்று போகும்போதுதான் அதன் எல்லை தெரியும். அந்தக் கட்டத்தில் கணக்கை டாலியிலேயே விட்டுவிட்டு, உற்பத்திக்கும் ஸ்டோருக்கும் மட்டும் வேறு மென்பொருள் வைத்து இரண்டையும் இணைப்பது மரியாதையான வழிதான். கணக்காளர் பழகிய கருவியைப் பிடுங்கிவிட்டுத் தொடங்கும் திட்டங்கள் பாதியில் நின்றுபோவதை அடிக்கடி பார்க்கிறோம்.

ராணிப்பேட்டை பட்டறைகளுக்கு எது முக்கியம்?

பெல் (BHEL) நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவித் தொழிற்சாலையைச் சார்ந்து வளர்ந்த ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளில், பொருளின் விலையைக் காட்டிலும் ஆவணம்தான் வேலையை நிறுத்துகிறது. தகட்டின் ஹீட் எண் (எந்த உருக்குத் தொகுப்பிலிருந்து வந்தது என்று காட்டுவது), மில் சான்றிதழ், வெல்டரின் தகுதிச் சான்று, ஆய்வாளர் கையெழுத்து, பெயிண்ட் தடிமன் அறிக்கை ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் சரக்கு வெளியேறும், பில்லும் ஏற்கப்படும். இருப்பில் உள்ள பொருள்களின் வகை குறைவு. ஆய்வுக் கட்டங்கள் அதிகம். இப்படிப்பட்ட யூனிட், முழு ஈஆர்பிக்குப் பெருந்தொகை செலவிடுவதற்கு முன், கணக்கு மென்பொருளோடு ஓர் எளிய செயல்முறை மென்பொருளை வைத்துக்கொள்வதே நல்லது என்று நான் கருதுகிறேன். சோஹோ கிரியேட்டர் போன்ற குறைந்த நிரல் தளத்தில், புரோகிராமர் அல்லாத ஒருவரே பயிற்சி பெற்று இத்தகைய படிவங்களையும் ஒப்புதல் வரிசையையும் அமைக்க முடியும்.

மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் இது பொருந்துமா?

பொருந்தும், அங்கே பிபிஎம்மின் பயன் கண்கூடானது. மருந்து, கருவி, கட்டணம், சம்பளம் ஆகியவற்றை மருத்துவமனைத் தகவல் மென்பொருளும் ஈஆர்பியும் கவனித்துக்கொள்ளும். டிஸ்சார்ஜ் என்பது வேறு: மருத்துவர் எழுதிய பின் மருந்தகம், ஆய்வகம், பில்லிங், காப்பீட்டு நிறுவனம், வார்டு செவிலியர் என்று வேலை கைமாறுகிறது. மேற்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வேலூருக்கு வந்து லாட்ஜில் தங்கிச் சிகிச்சை பெறுகிற குடும்பத்துக்கு, மாலைக்குள் முடியாத டிஸ்சார்ஜ் ஒரு நாள் வாடகையையும், காட்பாடியில் தவறிப்போகும் ஒரு ரயிலையும் குறிக்கிறது. எந்தக் கட்டத்தில் எத்தனை மணி நேரம் போகிறது என்று அளந்தால்தான் எதைச் சரிசெய்வது என்று தெரியும்.

கல்லூரியில் சான்றிதழ் வழங்கல், உதவித்தொகை, கொள்முதல் கோரிக்கை ஆகியவற்றுக்கும் இதே விதி.

ஆரணிப் பட்டு, குடியாத்தம் லுங்கி போன்ற தொழில்களுக்கு?

பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்கும் முறையில், முக்கியமான கணக்கு எடைக் கணக்குத்தான். எத்தனை கிராம் பட்டும் ஜரிகையும் போயின, சேலையில் எத்தனை வந்தன, முன்பணம் எவ்வளவு நிற்கிறது என்பவை ஒழுங்காகப் பதிவானால் போதும். இரண்டு பெரிய மென்பொருள்களில் எதுவும் இங்கே தேவையில்லை. நல்ல கணக்கு மென்பொருளே போதும். தறிகளின் எண்ணிக்கை கூடி, பல ஊர்களில் விற்பனை நிலையங்கள் வந்த பிறகு யோசிக்கலாம்.

எங்கள் பழக்கத்துக்கு ஏற்றபடி ஈஆர்பியையே மாற்றி அமைக்கச் சொல்லலாமா?

கூடுமானவரை வேண்டாம். ஜெர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடி நிறுவனம் 2011இல் தொடங்கிய எஸ்ஏபி திட்டத்தை, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவானதாகச் செய்தி வெளிவந்த நிலையில், 2018இல் கைவிட்டது. சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் தன் பழக்கத்தை அந்நிறுவனம் விடவில்லை. மென்பொருளின் இயல்பான அமைப்போ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. இந்த இடைவெளியை நிரப்பச் செய்த மாற்றங்கள் திட்டத்தைச் சிக்கலாக்கியதாக அப்போது எழுதப்பட்டது.

சந்தையில் உங்களை வேறுபடுத்திக் காட்டும் பழக்கத்தை மட்டும் காப்பாற்றுங்கள். உங்கள் சாய ஃபார்முலா, தரம் பிரிக்கும் முறை, வாங்குநருடன் உள்ள ஒப்புதல் வழக்கம் ஆகியவை அப்படிப்பட்டவை. விடுப்பு விண்ணப்பமும் வவுச்சர் வடிவமும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் மென்பொருள் சொல்வதை ஏற்றுக்கொள்ளலாம். காப்பாற்ற வேண்டிய பழக்கத்தையும் ஈஆர்பியின் உள்ளே திணிக்காமல், வெளியே பிபிஎம்மில் வைத்து இணைத்தால், ஈஆர்பியின் அடுத்த பதிப்பு வரும்போது சிக்கல் இருக்காது.

இரண்டும் வேண்டும் என்றால் எதை முதலில் வைப்பது? எப்போது தொடங்குவது?

இருப்புக் கணக்கு நம்பத்தகுந்ததாக இல்லாத நிறுவனம் ஈஆர்பியை, குறைந்தபட்சம் ஸ்டோர் பகுதியையாவது, முதலில் வைக்க வேண்டும். அடித்தளக் கணக்கு தவறாக இருக்கும்போது ஒப்புதலை விரைவுபடுத்தினால், தவறான முடிவுதான் விரைவாகக் கிடைக்கும். கணக்கு சரியாக இருந்தும் ஆர்டர் தாமதமாகிறது என்றால் பிபிஎம்மிலிருந்து தொடங்கலாம்.

எதுவானாலும், மென்பொருள் விற்பவரை அழைப்பதற்கு முன், ஓர் ஆர்டரை எடுத்து, அது வந்த நாள் முதல் பணம் வந்த நாள் வரை யார் யார் என்ன செய்தார்கள் என்பதை ஒரு பெரிய தாளில் எழுதுங்கள். உரிமையாளர் எழுதினால் போதாது. ஸ்டோர் கீப்பரும் டிரம் மேஸ்திரியும் பேக்கிங் பொறுப்பாளரும் கூட உட்கார வேண்டும். பிபிஎம்என் எனப்படும் வரைபடக் குறியீட்டு முறை இதற்கென்றே உள்ளது. அதன் இரண்டாம் பதிப்பு 2011இல் வெளிவந்து, 2013இல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டது. அதை முழுவதும் கற்க வேண்டியதில்லை. வட்டம், கட்டம், சாய்சதுரம், அம்புக்குறி ஆகிய நான்கு போதும்.

காலம் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999 ஜூலையில், ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியும் வேளையில், மூன்று மென்பொருள்களை ஒருசேர நடைமுறைப்படுத்தியது. கிடங்கில் சாக்லேட் இருந்தும், ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போயிற்று. ஏற்றுமதி நெருக்கடி உள்ள மாதங்களிலும் மார்ச் கணக்கு முடிக்கும் காலத்திலும் புதிய மென்பொருளுக்கு மாறாதீர்கள்.

பழைய தரவை ஏற்றுவதில் இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஏதும் உண்டா?

உண்டு. 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டம் மீண்டும் பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் உருவாயின. ஆகவே, ஒரே சப்ளையர் பழைய பில்லில் வேலூர் மாவட்டத்திலும், புதிய பில்லில் திருப்பத்தூர் மாவட்டத்திலும் இருப்பார். ஊர்ப்பெயரும் பலவிதமாக எழுதப்படும். பெயரையும் முகவரியையும் நம்பி ஏற்றினால் ஒருவரே இருவராகப் பதிவாகி, நிலுவைத் தொகை இரண்டாகப் பிரிந்து கிடக்கும். ஜிஎஸ்டி எண்ணை அடையாளமாகக் கொண்டு முதலில் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு சப்ளையர்களுக்கு நீங்களே ஓர் எண் கொடுங்கள். இந்த வேலையை மென்பொருள் நிறுவனம் செய்ய முடியாது, உங்கள் ஊழியருக்குத்தான் யார் யார் என்று தெரியும்.

சட்டப்படி மென்பொருளில் கட்டாயம் இருக்க வேண்டியவை எவை?

கம்பெனிச் சட்டப்படி பதிவு செய்த நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற பதிவு இருக்க வேண்டும். அதை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். இது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். 2017–18 முதல் ஏதாவது ஓர் ஆண்டில் விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு, பிற வணிகர்களுக்கான விற்பனையில் மின் விலைப்பட்டியல் 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் சரக்கு அனுப்ப 1 லட்சம் ரூபாய்க்கு மேலும், மாநிலம் கடந்து அனுப்ப 50,000 ரூபாய்க்கு மேலும் இவே பில் (சரக்குப் போக்குவரத்துக்கான மின் சீட்டு) தேவை. வேறு மாநில ஜாப் ஒர்க்கருக்கு அனுப்பும்போது மதிப்பு எதுவானாலும் தேவை. இவற்றை ஈஆர்பியிலிருந்தே நேரடியாக எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

தொழிலாளர்கள் பயன்படுத்துவார்களா?

டிரம் அருகில் கையுறையோடு நிற்பவரிடம் பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட ஆங்கிலத் திரையைக் கொடுத்தால் பயன்படுத்த மாட்டார்; அது அவர் குற்றம் அன்று. லாட் அட்டையில் கியூஆர் குறி, கைபேசியில் தமிழில் மூன்று பொத்தான்கள், உருது பழகியவர்கள் உள்ள இடத்தில் அந்த மொழியிலும் ஒரு விளக்கம் என்று அமைத்தால் பயன்படுத்துவார். பதிவு செய்வதால் அவருக்கு என்ன பயன் என்பதும் தெரிய வேண்டும். ஓவர்டைம் கணக்கு அவர் கண்முன்னே சரியாக வந்தால், மறுநாள் முதல் பதிவு தவறாது.

டெமோ பார்க்கும்போது விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

உரிமத் தொகை ஒரு பகுதிதான். அமைத்தல், தரவு ஏற்றம், பயிற்சி, ஆண்டுப் பராமரிப்பு, மாற்றங்களுக்கான நாள்கூலி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வாங்குங்கள். இணையம் துண்டிக்கப்பட்டால் ஸ்டோர் எப்படி இயங்கும் என்று கேளுங்கள். இதே தொழிலில் இந்த வட்டாரத்தில் பயன்படுத்தும் ஒருவரை நேரில் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பார்க்கும்போது உரிமையாளரோடு நில்லாமல், அவருடைய கணக்காளரிடமும் ஸ்டோர் கீப்பரிடமும் பேசுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் உங்கள் தரவு முழுவதையும் எக்செல் போன்ற பொது வடிவத்தில் திருப்பித் தருவார்களா, அதற்குக் கட்டணம் உண்டா என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்களுக்கும், கம்பெனிக் கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டுகளுக்கும் வைத்திருக்க வேண்டியிருப்பதால், மென்பொருளை நிறுத்திய பிறகும் பழைய பதிவைத் திறந்து பார்க்கும் உரிமையை எழுத்தில் பெற்ற பின்னரே முன்பணம் கொடுங்கள்.